பாண்டி, கடலூரிலிருந்து ஏற்காடு: சந்தடியில்லாமல் மூன்று நாள் போய்வர முழு வழிகாட்டி

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏற்காடு ஏரிக்கரையில் நின்றால், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்பதுபோலத்தான் இருக்கும். அதே பெங்களூரு, சென்னை வண்டிகள், அதே பார்க்கிங் சண்டை. வார இறுதிக் கூட்டத்துக்குப் பயந்து பாண்டியை விட்டுக் கிளம்பியவர், மலையில் அதே கூட்டத்தின் இன்னொரு பாதியில் போய் மாட்டிக்கொள்கிறார். ஊர் மேல் குற்றமில்லை. போன நாள் தப்பு, ஏறிய நேரம் தப்பு, தங்கிய இடம் தப்பு. இந்த மூன்றையும் சரியாகப் பிடித்தால் ஏற்காடு இன்றைக்கும் அமைதியான ஊர்தான்.

நம் பக்கத்திலிருந்து போக ஏலகிரி, கொல்லிமலை, கல்வராயன் மலை என்று வேறு மலைகளும் உண்டு. கல்வராயன் இன்னும் பக்கம்தான், ஆனால் தங்கும் வசதி குறைவு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. வயதானவர்களோடும் குழந்தைகளோடும் முதல்முறை போகிறவர்களுக்குச் சரிப்படாது. ஊட்டி, கொடைக்கானலுக்கு உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்காட்டுக்கு வளைவு இருபது. உயரம் சுமார் 1,500 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். பாண்டியில் 36 டிகிரி அடிக்கும்போது அங்கே 26, 27. குளுகுளுவென்று நடுங்க வைக்காது, ஃபேன் இல்லாமல் தூங்க வைக்கும். அதற்குமேல் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

எந்த நாளில் போவது

செவ்வாய் ஏறி வியாழன் இறங்குவதுதான் ஆகச் சிறந்தது. திங்கள் காலையில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் விட்டுப்போன குப்பையைப் பார்ப்பீர்கள். வெள்ளி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

விடுப்பு கிடைக்காதவர்களுக்குப் பாண்டியில் ஒரு கொடுப்பினை உண்டு. நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படி இணைந்த நாள்: இரண்டும் புதுச்சேரிக்கு மட்டும் விடுமுறை, தமிழ்நாட்டுக்கு வேலை நாள். ஆகஸ்ட் 16-க்கு முந்தின நாள் நாடு முழுக்க விடுமுறை என்பதால் கூட்டம் இருக்கும். நவம்பர் 1 வார நடுவில் விழும் ஆண்டில் அதுதான் பொன்னான நாள், மழை விட்டால். கடலூர் மாவட்டத்துக்குச் சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் பெரும்பாலான ஆண்டுகளில் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களை அடியோடு விட்டுவிடுங்கள். அப்போது வழக்கமாக ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மேலே விடுதிப் பள்ளிகள் பல உண்டு; மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லிருந்து இருக்கிறது. பள்ளி திறக்கும், மூடும் நாட்களில் பெற்றோர் வண்டிகள் சேர்ந்துகொண்டு அறை கிடைப்பது கஷ்டம்.

எது நல்ல மாதம் என்றால், மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்த கையோடு காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். அந்தப் பூ சில நாள்தான் நிற்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. ஜனவரி இரவில் 13 டிகிரி பக்கம் இறங்கும். கடலோரத்துக்காரர் உடம்புக்கு அது நல்ல குளிர்.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அது நம் ஊருக்கு மட்டுமான கவலை இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் அதே மழை ஏற்காடு மலைப்பாதையில் மண்ணைச் சரித்தது, தென்பெண்ணை பெருகி அரசூர் பக்கம் நெடுஞ்சாலையையே மறித்தது. வீடு, வழி, மலை மூன்றையும் ஒரே புயல் அடிக்கும் புவியியல் நம்முடையது.

வழி

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம், சேலம். சேலம் வரை சுமார் 215 கிலோமீட்டர், அங்கிருந்து மலைமேல் 30. உளுந்தூர்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என மூன்று சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக்கில் காசு இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள். இந்தச் சாலையில் ஊர்ப் புறவழிகளில் நாலு வழி சட்டென்று இரண்டு வழியாகச் சுருங்கும் இடங்கள் நெடுங்காலமாக விபத்துக்குப் பேர்போனவை. அகலப்படுத்தினாலும், மாற்றுப்பாதையும் தடுப்பும் வருமென்று எண்ணியே ஓட்டுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இரண்டு வழி. வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர் வழியாகச் சின்னசேலத்தில் போய்ச் சேரலாம். இல்லை, பண்ருட்டி, மடப்பட்டு வழியாக உளுந்தூர்பேட்டையைப் பிடிக்கலாம். முதல் வழி நேர். ஆனால் நெய்வேலிப் பக்கம் லாரி அதிகம். அதிகாலையில் கிளம்பினால் முதல் வழி, விடிந்தபின் என்றால் இரண்டாவது.

பாண்டியில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் கள்ளக்குறிச்சியில் இட்லி சாப்பிடலாம், பத்து மணிக்கு அடிவாரம், பதினொன்றுக்கு மேலே. டேங்கைப் பாண்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். இன்னொன்றை மட்டும் பாண்டியிலிருந்து எடுத்துப்போகவே கூடாது. "ஒரே ஒரு பாட்டில்தானே" என்று டிக்கியில் போட்ட சரக்கு எல்லைச் சோதனையில் பிடிபட்டால் வழக்கு, வண்டியும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும்.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டுதானா, தமிழ்நாட்டுக்குப் பர்மிட் இருக்கிறதா என்று பேசும்போதே கேளுங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்துப்போய் விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

பஸ்ஸில் போகிறவர்கள் பாண்டியிலிருந்தோ கடலூரிலிருந்தோ சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏற்காடு பஸ் மாற வேண்டும். சேலத்துக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம். மலையேற ஒன்றே கால் மணி நேரம் வையுங்கள். மதியம் இரண்டுக்குள் சேலத்தில் இருந்தால் வெளிச்சத்தில் ஏறிவிடலாம். விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கு ரயில் பாதையும் உண்டு. ரயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, நேரம் பொருந்தினால் மட்டும் அது நல்லது.

மலைக்கு இரண்டு பாதை. ஒன்று சேலம் அடிவாரத்திலிருந்து இருபது வளைவோடு ஏறும் பெரிய பாதை. இன்னொன்று அயோத்தியாப்பட்டணத்தில் அரூர் சாலையில் திரும்பிக் குப்பனூர் வழியாக ஏறுவது. கிழக்கேயிருந்து வரும் நமக்கு அயோத்தியாப்பட்டணம்தான் முதலில் வரும். சேலம் நெரிசலுக்குள் நுழையாமலே ஏறிவிடலாம். கூட்டமும் குறைவு, காபித் தோட்டங்களுக்கு நடுவே அழகான பாதை. ஆனால் குறுகல். எதிரே ஒரு லாரி வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் ஏற, இறங்க இரண்டுக்கும் பெரிய பாதையையே பிடிக்கட்டும். அனுபவசாலி குப்பனூரில் ஏறலாம். இறங்குவதற்கு அவருக்கும் பெரிய பாதைதான் நல்லது.

வண்டியைத் தயார் செய்வது

உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு மலைக்கு முன் பார்க்க வேண்டிய இடம் பிரேக். சமதளமான பாண்டியில் யாரும் ஓங்கிப் பிரேக் பிடிப்பதில்லை. அதனால் துரு ஏறிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் இறுகிப்போனதும் மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நாலு சக்கரத்தையும் கழற்றி, டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பிரேக் பேடின் கனம் பார்க்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதுவும் கடலோரக் காற்றில். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி உண்டாகும், குமிழி உண்டானால் மிதித்த பெடல் வெறுமனே கீழே போகும். மலையில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லப்படுவதில் பாதிக் கதை இதுதான்.

கூலன்ட் அளவு, ஸ்டெப்னியில் காற்று, வைப்பர் ரப்பர், முன்விளக்கு. டயரில் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கே காற்று இருக்கட்டும். மலைக்கென்று குறைக்க வேண்டாம்.

ஏறும்போது

இரண்டாம் கியரில் சீராக ஏறுங்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் குறைக்கப் போனால் வண்டி திணறி நிற்கும், பின்னால் பஸ் இருக்கும், கை உதறும். நின்றுவிட்டால் ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் விட்டு வண்டி முன்னால் இழுக்கத் துடிக்கும்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் பத்தாவது வளைவுக்குள் தீய்ந்த வாடை வரும்.

வளைவுக்கு முன்னால் ஹாரன். பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் தேவை. அது வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் வெளியிலேயே நில்லுங்கள். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பதுதான் கஷ்டம். வெப்பமானி முள் ஏறினால் ஏசியை அணைத்து அகலமான இடத்தில் ஒதுக்குங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குரங்குக்குப் பிஸ்கட் போடவும் வேண்டாம். போட்டுப் போட்டுத்தான் அவை வளைவுகளில் சாலை நடுவே உட்காரப் பழகியிருக்கின்றன.

வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில், கண் தூரச் சாலையில், போன் பைக்குள். மருந்து எடுப்பவர்கள் அடிவாரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட வேண்டும். வளைவு ஆரம்பித்தபின் போட்டால் மருந்தும் வெளியே வந்துவிடும். வெறும் வயிறு, நிறைந்த வயிறு இரண்டும் ஆகாது. இரண்டு இட்லி போதும். எண்ணெய் பூரி வேண்டாம்.

மூடுபனி இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள். ஒளி பனியில் பட்டுத் திரும்பி முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். டிம்மில் வைத்து, இடது ஓரக் கோட்டைப் பிடித்து, மெதுவாக.

இறங்கும்போது

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சரியாகச் செய்தால் பாதி ஆபத்து போய்விடும். இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தமாக மிதித்து உடனே விடுங்கள். காலைப் பெடல் மேலேயே வைத்து உரசவிட்டபடி இறங்குவதுதான் பேடைச் சூடேற்றும். நியூட்ரலில் விடுவதும், பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம்: இன்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வாக்குவம் போய்விடும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் வெறும் டிரைவ் போட்டு இறங்காதீர்கள். மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டில் வையுங்கள், அல்லது எல் நிலை. மின்சாரக் காருக்கு வேறு கணக்கு. ஒன்றரை டன் காரை அடிவாரத்திலிருந்து 1,200 மீட்டர் தூக்க, சமதள ஓட்டத்துக்கு மேல் ஐந்தாறு யூனிட் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வரும். மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது, இழுத்துப் பிடிக்கும் சக்தியும் குறைந்துவிடும். எண்பதில் நிறுத்துங்கள்.

தீய்ந்த வாடை வந்தால், பெடல் மெத்தென்று ஆனால், அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கோணும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவர் உட்கார்ந்து மலையிறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வேகம் மிகவும் குறைந்தால் அதன் கிளட்ச் தானாக விடுபட்டு வண்டி சும்மா உருளும். இன்ஜின் பிடிப்பு சுத்தமாகப் போய்விடும். மேலே வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள். இறக்கத்தில் உருளத் தொடங்கினால் ஆக்சிலேட்டரைத் துளி முறுக்குங்கள், பிடிப்பு திரும்பும்.

எங்கே தங்குவது

ஏரியிலிருந்து குறைந்தது மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஏரிக்கரை விடுதிகள் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வசதி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் அங்கேதான். ஆனால் அமைதிக்கு நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை போன்ற ஊர்ப் பக்கத் தோட்ட வீடுகளே சரி. முன்பணம் கட்டும் முன் போனில் இவற்றைக் கேளுங்கள்: கடைசி ஒரு கிலோமீட்டர் நம் கார் ஏறுமா, ஜீப் வேண்டுமா? சுடுதண்ணீர் எந்த நேரத்தில்? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும்? இராச்சாப்பாடு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? பக்கத்து அறையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தாராளமா சார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேம்ப் ஃபயர் என்று ஆசை காட்டுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை மலை காய்ந்து கிடக்கும் காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரொக்கம் மூவாயிரமாவது கையில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்கேன் பண்ண முடியாது. ஸ்வெட்டர் ஒன்று, குடை, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ, ஒரு ஜோடி துணி கூடுதலாக. பனியில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. தண்ணீர்க் கேன் கொண்டுபோங்கள்; ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை.

சமைக்கிற வீடு எடுத்தவர்களுக்கு: அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக அதிக நேரம் பிடிக்கும், குக்கரிலும் ஒரு விசில் கூட்டுங்கள். டிகாஷனுக்கோ அந்தச் சூடே பதம்.

மேலே என்ன செய்வது

எல்லா இடத்தையும் பார்த்துவிட நினைத்தால் மூன்று நாளும் காரில்தான் கழியும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை ஊர் உங்களுடையது. பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் என்ற இரண்டு காட்சிமுனைகளையும் அந்த நேரத்தில் பாருங்கள். பத்து மணிக்குமேல் அங்கே செல்ஃபி வரிசை. பத்து முதல் நாலு வரை தோட்டத்தில், நிழலில். மாலை நாலரைக்குச் சேர்வராயன் கோயில்: 1,600 மீட்டருக்குமேல் உயரமான மொட்டைச் சமவெளி, குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்களின் (கேரள மலையாளிகள் அல்ல) குலசாமி அது. வேடிக்கை பார்க்க வந்த இடமாக நடக்காதீர்கள். குகைக்குள் தலை குனிந்து போக வேண்டும், தரை ஈரம். ஆறு மணிக்குள் இறங்கிவிடுங்கள், பனி திடீரென்று மூடும்.

தோட்டங்களைச் சுற்றி ஏரியில் தொடங்கி ஏரியில் முடியும் 32 கிலோமீட்டர் வளையச் சாலை ஒன்று உண்டு. வார நாளில் அரைநாள் ஒதுக்கி அதில் மெதுவாகப் போய்வருவது ஏற்காட்டின் மற்ற எல்லாப் "பாயின்ட்"களையும்விட மேல். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி என்று அடுக்கடுக்காக இருக்கும். இந்தக் காபி 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டது. நடுவே நிறுத்தி நடக்கலாம், ஆனால் வேலி தாண்டாதீர்கள். தோட்டங்களுக்குள் காட்டுமாடு வருவதுண்டு. பார்த்தால் போனை எடுக்காமல், ஓடாமல், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நகருங்கள்.

கிளியூர் அருவிக்கு ஏரி நிரம்பி வழிந்தால்தான் தண்ணீர். ஏப்ரலில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். மழைக்குப்பின் அழகு, ஆனால் இறங்கிய படியெல்லாம் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் மேலேயே இருந்துவிடட்டும். பாசிப் பாறையில் நின்று படம் எடுப்பது வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை ஏறினால் பிடுங்காதீர்கள். உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963-லிருந்து இருக்கிறது. செடிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம்; மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம்.

மிளகாய் பஜ்ஜி ஏரிக்கரையில் சாப்பிடுங்கள், பனியில் அதற்கு ஈடில்லை. இராச்சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். உடம்புக்கு முடியாவிட்டால் மேலே அரசு மருத்துவமனை உண்டு. பெரிதாக ஏதும் என்றால் சேலம்தான். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

என்ன வாங்கலாம்

பலாப்பழம் வேண்டாம், பண்ருட்டி நம் பக்கத்து ஊர்தானே. காபியை வாங்குங்கள், ஆனால் பொடியாக இல்லாமல் கொட்டையாக. வறுத்த தேதி கேளுங்கள், பொடியாகவே வாங்கினால் சிக்கரி கலந்ததா என்றும் கேளுங்கள். கலந்த பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் காபி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி நிறத்தை விட்டபடி கீழே இறங்கும்.

மிளகு வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: "டக்" என்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். நாலைந்து மிளகைத் தண்ணீரில் போடுங்கள், முற்றியது மூழ்கும். சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். கொண்டுவந்த மிளகை அப்படியே டப்பாவில் அடைத்தால் பாண்டி, கடலூர் ஈரக் காற்றில் இரண்டு மாதத்தில் பூஞ்சை பூத்துவிடும். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை இரண்டு நாள் காயவையுங்கள். மாலை ஈரம் ஏறுவதற்குள் அள்ளி, சூடு ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள்.